நான் துடைத்த மூன்று தரைகள்

முதலில் மன்னிப்பு. நம் பத்தாம் வகுப்புத் தோழிகள் சேர்ந்து மலர் போடுகிறோம், ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று தகவல் வந்தபோது அதில் என் பெயரும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சுவரோரம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். பேர் கூப்பிட்டு 'உள்ளேன் ஐயா' சொல்வதற்கே என்னை இரண்டு முறை கூப்பிட வேண்டும். பத்தாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் அட்டை விண்ணப்பமும் பிள்ளைகளுக்கு விடுப்புக் கடிதமும்தான். எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எதைப் பற்றி எழுதுகிறேனோ அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். தரையைப் பற்றி எழுதப் போகிறேன். வீட்டுத் தரை. அதைப் பெருக்குவது, துடைப்பது, மெழுகுவது. உங்களில் ஒருத்தி சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரித்துக்கொள்.

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை அது. ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது திருநெல்வேலித் தமிழ், மதுரைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் சைக்கிளில் ஒன்றாகப் போகும். ராயக்கோட்டையிலிருந்து தக்காளி லாரிகளும், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து கிரானைட் லாரிகளும் நம் ரோட்டில்தான் போயாக வேண்டும். அந்த லாரிகள் கிளப்பிய செம்மண் தூசி எல்லோர் வீட்டுத் தரையிலும்தான் வந்து உட்கார்ந்தது. பணக்காரர் வீடு, ஏழை வீடு என்று தூசிக்குத் தெரியாது. துடைக்கிற கைதான் வேறு வேறு.

என் அம்மா மூன்று வீடுகளில் தரை வேலை செய்தாள். அப்பா கிரானைட் பட்டறையில் கல் ஏற்றுகிறவர். அந்த ஏப்ரலில் அம்மா குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். முழங்கை வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். ஆறு வாரம் ஒரு வீட்டில் நிற்காவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிடும். நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வரிசையிலேயே நாலு பேர் அந்த மூன்று வீடுகளுக்காகக் காத்திருந்தார்கள். அதனால் பள்ளிக்கூடம் பூட்டிய மறுநாளே நான் போனேன். அப்பா மட்டும் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

எங்கள் வீட்டுத் தரையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஓட்டுக்கூரையின் கீழே பத்து வீடு, எங்களுடையது ஏழாவது. மண்தரை. வாரம் இரண்டு தடவை சாணி மெழுக வேண்டும். சாணித் தண்ணீர் தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் காய்ந்ததும் பொருக்குப் பொருக்காகப் பெயரும். கையை அரைவட்டமாக இழுக்க வேண்டும், உள்சுவரில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்னாலேயே வர வேண்டும். நான் முதல் நாள் வாசலில் தொடங்கி உள்ளே போய்விட்டேன். அடுப்பு மூலையில் மாட்டிக்கொண்டு, நாலு பக்கமும் ஈரம், கால் வைக்க இடமில்லாமல் குந்தியபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா வாசலில் நின்று, மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கை முறிந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

முதல் வீடு மொசைக். கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவரின் வீடு. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். திருநெல்வேலிக்காரர். பச்சை, கறுப்பு, மஞ்சள் சில்லுகள் போட்ட தரை, கட்டத்துக்குக் கட்டம் நடுவில் கண்ணாடிப் பட்டை. துடைக்கத் துடைக்க அந்தச் சில்லுகளில் எனக்கு முயல், தேள், மூக்கு நீண்ட கிழவர் என்று உருவங்கள் தெரியும். அவை எந்தெந்தக் கட்டத்தில் இருந்தன என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். மாதம் ஒருமுறை அக்கா மிச்சமான மெழுகுவத்தித் துண்டுகளை ஒரு டின்னில் உருக்கி, அடுப்பிலிருந்து தள்ளி வைத்து மண்ணெண்ணெய் கலப்பார். அந்த டின் ஒரு பிஸ்கட் டின். மூடியில் குதிரை வண்டிப் படம் இருந்தது. ஆறிய மெழுகைத் துணியில் தொட்டு நான் தேய்ப்பேன். தரை பளபளவென்று வரும். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு தடவை நைட் ஷிப்ட் முடிந்து வந்து, கூடத்தின் இந்தக் கோடியில் கால் வைத்து அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தார். அக்கா எனக்குப் பரிந்து பேசினார். உங்களை யாரு சாக்ஸோட வரச் சொன்னது என்று அவரிடம் கேட்டார்.

அந்த வீட்டில் சமையலறை வாசலருகே ஒரு இடம் மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் மங்கலாகவே இருக்கும். உள்ளங்கை அகலம். விரலால் தடவினால் பூனை நாக்கு போலச் சொரசொரக்கும். நான் அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு அக்கா வந்தார்.

"ஏ புள்ள, அத விடு. அது போவாது. புது வீட்டுக்கு வந்த அன்னைக்கு மீன் கொழம்புக்குப் புளி கரைச்சேன், ஏனம் சரிஞ்சிட்டு. அப்பறம் தொடச்சிக்கிடுவோம்னு இருந்துட்டேன். புளி கல்லத் தின்னுரும், தெரியுமா?"

புளி கல்லைத் தின்னும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் வீட்டில் தின்பதற்குக் கல்லே இல்லையே.

இரண்டாவது வீடு சிவப்புத் தரை. சிமெண்டில் காவி கலந்து போட்டுத் தேய்த்தது. அங்கே ஒரு டீச்சரம்மா தனியாக இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சோப்பு, சோடா, பினாயில் எதுவும் அந்தத் தரையில் படக் கூடாது. பச்சைத் தண்ணீரில் துடைத்து, காய விட்டு, பிறகு ஒரு பழைய துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும். எண்ணெய் ஐந்து சொட்டுத்தான். ஆறாவது சொட்டுக்குக் கிண்ணத்தைச் சாய்த்தாலே "சாலும்மா, சாலு" என்று குரல் வரும். அதிகமானால் எறும்பு வரும், கால் தடம் பதியும். சரியாக இருந்தால் மேலே சுற்றும் மின்விசிறி கீழே தெரியும். அந்தத் தரையைத் துடைத்த துணி வருஷக்கணக்காகியும் சிவப்பு விட்டுக்கொண்டே இருந்தது. என் நகக்கண் அந்தக் கோடை முழுவதும் மருதாணி வைத்த மாதிரி இருந்தது.

டீச்சரம்மா என்னைப் பற்றி எல்லோரிடமும் நல்லதாகச் சொன்னார். இந்தப் பெண் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, வாயே திறக்காது, இப்படி இருக்க வேண்டும் பெண் பிள்ளை என்று. நம் பள்ளியிலும் அதையே சொன்னார்கள். முன்னேற்ற அறிக்கையில் 'அமைதியானவள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. வாய் திறக்காத பெண் மேல் எதை வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம் என்பதை அவர்களில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பாராட்டாக எழுதியது பாராட்டே இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

மூன்றாவது வீடு மார்பிள். கம்பெனி மேனேஜர் சொந்தமாகக் கட்டியது. குடிபோய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மொசைக் வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் அந்த மேனேஜருக்குக் கீழேதான் வேலை செய்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஊரில் அப்போது மார்பிள் போட்ட வீடு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது. வடக்கே எங்கிருந்தோ லாரியில் வந்த கல் என்று மேனேஜர் வீட்டம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். வெள்ளைக் கல்லில் சாம்பல் நரம்பு ஓடும். மே மாத மத்தியானத்திலும் மண்பானையின் உட்புறம் மாதிரி குளிர்ந்திருக்கும். அந்தத் தரையில் நடந்தால் காலடிச் சத்தமே வராது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்கு விதிகள் அதிகம். வெள்ளைத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும், சாயத்துணி சாயம் விடும். ஒவ்வொரு அறைக்கும் வாளித் தண்ணீரை மாற்ற வேண்டும். ஈரம் தங்கக் கூடாது, பின்னாலேயே உலர்ந்த துணி போட வேண்டும். இதெல்லாம் சரியான விதிகள்தான், இன்றும் மார்பிள் வைத்திருப்பவர்களுக்கு நானே சொல்வேன். கடைசி விதி வேறு. சாமி அறைக்குள் நாங்கள் கால் வைக்கக் கூடாது. கூடத்தைத் துடைத்துக்கொண்டே வந்து அந்த வாசற்படியில் நிறுத்திவிட வேண்டும். உள்ளே அவரே துடைத்துக்கொள்வார். சாதி என்ற சொல்லை அவர் ஒரு நாளும் வாயில் எடுத்ததில்லை. மடி, ஆசாரம், சாமி காரியம் என்றுதான் சொல்வார். எங்களுக்கு அது புரியாமல் இல்லை.

வியாழக்கிழமைதோறும் அவர் விளக்கு தேய்ப்பார். வெள்ளிக்கிழமை பூசைக்கு. மற்றவர்கள் எல்லாம் பின்கட்டுக் குழாயடியில் வைத்துத்தான் பித்தளை தேய்ப்பார்கள். அவர் செய்ய மாட்டார். எச்சில் பாத்திரம் கழுவுகிற இடத்தில், நாங்கள் கை வைக்கிற இடத்தில், சாமி விளக்கை வைக்கலாமா? ஆகவே சாமி அறைக்குள்ளேயே பலகை போட்டு உட்கார்ந்து, ஊறவைத்த புளியை எடுத்து ஒவ்வொரு விளக்காகப் பூசுவார். பூசிய விளக்குகளைக் கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று தரையில் வரிசையாக நிறுத்துவார். இரண்டு குத்துவிளக்கு, நாலு சின்ன விளக்கு, ஒரு மணி. ஊறுகிற நேரத்தில் ஒரு பாட்டு முணுமுணுப்பார். பிறகு தேய்த்து, ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து அலம்பி, தரையைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு, விளக்குகள் நின்ற இடத்தின் மேல் பலகையை நகர்த்திப் போட்டுவிடுவார். வாசற்படிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து நான் இதை மூன்று வியாழக்கிழமை பார்த்தேன். பளபளவென்று வரும் அந்தக் குத்துவிளக்கு எனக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேறு எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

மே மாதக் கடைசியில் மேனேஜரின் தங்கை ஊரிலிருந்து வந்தார். அவர் வந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை வெயில் சாமி அறை ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுந்த நேரம், அவர் உட்கார்ந்து கும்பிடுவதற்காகப் பலகையை நகர்த்திப் போட்டார். நான் கூடத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தேன்.

"என்ன அண்ணி, கல்லு இப்பிடி மங்கிச் செத்துக் கெடக்கு?" என்று உள்ளிருந்து அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மேனேஜர் வீட்டம்மா போய்ப் பார்த்தார். பிறகு வாசற்படிக்கு வந்து என்னைப் பார்த்தார். முந்தின சனிக்கிழமை அவர்கள் எல்லோரும் பெங்களூர் போயிருந்தார்கள். அன்று நான் தனியாக அந்த வீட்டில் வேலை செய்தேன். குளியலறை சிமெண்டுத் தரைக்கு ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்லி பாட்டிலை அவரே எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"சனிக்கிழமை உள்ள போனியா?"

நான் நின்றேன்.

"பாத்ரூம் ஆசிட்ட இங்க கொண்டாந்து ஊத்தியிருக்க. ஊத்தினதும் இல்லாம சாமி ரூமுக்குள்ள காலையும் வச்சிருக்க. சொல்லு."

சொல்லியிருக்க வேண்டும். இல்லை என்று ஒரு சொல். அந்தச் சொல் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுகொண்டது. உங்களில் கூச்சம் இல்லாதவர்களுக்கு இது புரியாது. பயமில்லை அது. கேட்கிற ஆள் ஏற்கனவே முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்ததும் நாக்கு கல்லாகிவிடும். நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, பாரு, வாயத் தொறக்கறாளா பாரு என்று நாத்தனாரிடம் காட்டினார். எல்லோரும் பாராட்டிய அந்த அமைதியே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

விஷயம் என் கால்களைவிட வேகமாக லைனுக்கு வந்து சேர்ந்திருந்தது. மேனேஜர் வீட்டம்மா சொல்லியனுப்பியது மொசைக் வீட்டு அக்காவிடம். நாளைக் காலை தாயும் மகளும் வந்து தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்தை எந்த வீட்டிலும் சேர்க்க விட மாட்டேன் என்று. மூன்று வீட்டில் ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் புருஷனுக்குக் கீழே வேலை செய்கிறவருடையது. மூன்றாவது டீச்சரம்மா, அவரும் அதே தெருதான்.

அம்மா இடது கையால் என் கன்னத்தில் அடித்தாள். பழக்கமில்லாத கை, காதில் பட்டது.

"போனியா இல்லியா?"

"போவல."

"அத அங்கியே சொல்றதுக்கு இன்னாடி? வாயில கொழுக்கட்டையா?"

அம்மா அடுப்புக்குப் போய், திரும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை இறக்கிச் சொன்னாள்.

"நீ போவலன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் நாளைக்குப் போயி, தெரியாம போயிட்டன், மன்னிச்சிடுங்கன்னு சொல்லி கால்ல விழுந்துடு. ஒரு நிமிசம். கண்ண மூடிக்கோ."

அவள் அடித்தது எனக்கு மறந்துபோயிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டாளே, அது மறக்கவில்லை. மூன்று வீட்டையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு வேறு வழி தெரியவில்லை என்று இப்போது புரிகிறது. புரிந்துவிட்டது என்பதற்காக அது சரியாகிவிடாது.

சாயங்காலம் ரசத்துக்குப் புளி எடுக்கச் சொன்னாள். பானையில் கை விட்டு ஒரு உருண்டை எடுத்தேன். விரலெல்லாம் பிசுபிசுத்தது. அப்போதுதான் மொசைக் வீட்டுச் சமையலறை வாசல் நினைவுக்கு வந்தது. உள்ளங்கை அகலம், பூனை நாக்கு. அதோடு சேர்ந்து சாமி அறையில் வரிசையாக நின்று ஊறும் விளக்குகளும் நினைவுக்கு வந்தன. நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை, அந்தக் கறை என்ன வடிவம் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அது எதனால் வந்தது என்று தெரிந்துவிட்டது. பானையிலிருந்து இன்னொரு உருண்டை எடுத்து, நனைத்து, வாழையிலைத் துண்டில் மடித்து வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருப்பாள்.

புதன்கிழமை காலை போனோம். மேனேஜர் வீட்டம்மா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். நாத்தனார் ஜன்னலருகே காபி டம்ளரோடு நின்றிருந்தார். மேனேஜர் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். இப்படிப்பட்ட காரியங்களில் ஆம்பிளைகள் வீட்டில் இருப்பதில்லை. அம்மா வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கும்பிட முடியாத கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கொழந்தங்க, தெரியாம, என்று தொடங்கினாள். என் தோளில் இடது கையை வைத்து அழுத்தினாள்.

நான் குனிந்தேன். காலை நோக்கி இல்லை. சாமி அறை வாசற்படிக்கு முன்னால், கூடத்துத் தரையில், நான் தினமும் துடைத்து நிறுத்துகிற அதே இடத்தில் குந்தி, இலையைப் பிரித்து, நனைந்த புளியை வெள்ளைக் கல்லின் மேல் வைத்து அழுத்தினேன்.

"என்னடி பண்ற? எடு அத!" மேனேஜர் வீட்டம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

நான் இரண்டு கையையும் அதைச் சுற்றி அணை கட்டின மாதிரி வைத்துக்கொண்டேன். "வெளக்குத் தேய்க்கிற புளி," என்றேன். "பத்து நிமிசம் இருக்கட்டும்."

அந்த வீட்டில் அதுவரை நான் பேசிய மொத்தப் பேச்சையும்விட அது அதிகம்.

அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். தலை பின்னால் போனது, கை அசையவில்லை. இரண்டாவது தடவை இழுக்க வந்தவள் நிறுத்திவிட்டாள். புளியைப் பார்த்தாள். திறந்திருந்த சாமி அறைக் கதவைப் பார்த்தாள். எட்டு மாதம் வியாழக்கிழமைதோறும் அந்த வாசற்படிக்கு வெளியே இருந்து பார்த்தவள் அவள். என்னைவிட அதிகம் பார்த்தவள். பின்னலை விட்டுவிட்டு, என் பக்கத்தில், அந்த மார்பிள் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் குந்தி வேலை செய்திருக்கிறாள், முட்டி போட்டிருக்கிறாள். உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"இருக்கட்டும்ங்க," என்றாள். "பாத்துட்டே போறோம்."

மேனேஜர் வீட்டம்மா இதென்ன அக்கிரமம் என்று ஏதேதோ சொன்னார். நாத்தனார்தான், விடுங்க அண்ணி, வச்சது வச்சாச்சு, என்னன்னு பாப்போம் என்றார். அவர் குரலில் எங்கள் மேல் அன்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அண்ணியை ஒரு தடவை மடக்கிப் பார்க்கும் ஆசைதான் இருந்திருக்கும். எதுவானாலும் எனக்கு உதவியது. சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு கிரானைட் லாரி போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் உள்ளங்கைக்குக் கீழே கல் குளிர்ந்துகொண்டே இருந்தது.

பத்து நிமிஷம் கழித்து நானே புளியை எடுத்தேன். என் வெள்ளைத் துணியை நனைத்து மூன்று தடவை துடைத்தேன். உலர்ந்த துணி போட்டேன். வேலை எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படியே செய்தேன். கல் உலர உலர, பளபளப்புக்கு நடுவே ஒரு இடம் மட்டும் குருட்டுக் கண் மாதிரி வெளுத்துக் கிடந்தது. நாத்தனார் வந்து குனிந்து விரலால் தடவினார். பிறகு எழுந்து சாமி அறைக்குள் போனார். குத்துவிளக்கைத் தூக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி, இங்க வாங்க. வெளக்கோட அடி அப்பிடியே பொருந்துது."

மேனேஜர் வீட்டம்மா போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"சரி. இப்ப கூடத்துலயும் ஒண்ணு பண்ணி வச்சிட்டா. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

அம்மா இடது கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள்.

"இது எம் பொண்ணு பண்ணதுங்க. இல்லன்னு சொல்ல மாட்டன். உள்ள இருக்கறது நாங்க பண்ணது இல்ல. எம் பொண்ணு அந்தப் படியத் தாண்டல. அத மட்டும் நீங்க உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா நாளைக்கும் வேலைக்கு வரோம்."

அவர் சொல்லவில்லை. அம்மா கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, வாடி என்றாள். நான் பின்கட்டுக்குப் போய் வாளித் தண்ணீரைக் கொட்டி, துணி இரண்டையும் அலசிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தேன். அழுக்குத் துணியைப் போட்டுவிட்டு ஓடினாள் என்று பேச்சு வரக் கூடாது.

லைன் வாசலுக்கு வந்ததும் அம்மா, மத்த ரெண்டு வீடும் போச்சுன்னு வச்சிக்கோ என்றாள். அதில் கோபம் இல்லை. மாங்காய் வண்டிக்காரனை நிறுத்தி ஒரு மாங்காய் வாங்கி, கல்லில் உடைத்து, பெரிய துண்டை எனக்குக் கொடுத்தாள்.

இத்தனை வயதுக்குப் பிறகு, மேனேஜர் வீட்டம்மாவுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும், அவரும் பாவம், பழக்கம் அப்படி, என்று எழுத வேண்டிய இடம் இது. எனக்கும் அந்த வயது வந்துவிட்டது. எழுத மாட்டேன். அவர் பக்கத்து நியாயத்தை எழுத அவருக்கு ஆட்கள் இருப்பார்கள். சாமி அறையில் இருந்த ஏழு வட்டமும் அவருடையவை. கூடத்தில் இருக்கிற ஒன்று என்னுடையது. மார்பிளில் அப்படி விழுந்த மங்கல் சும்மா துடைத்தால் போகாது, மறுபடி மிஷின் வைத்துத் தேய்த்தால்தான் உண்டு. அவர்கள் தேய்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. தேய்க்காமல் இருந்தால் இன்னும் அங்கே இருக்கும். ஒரு நல்ல தரையை வேண்டுமென்றே கெடுத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

மறுநாள் ஏழரை மணிக்கு மொசைக் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அக்கா திறந்து, நேத்து நீ வரல, தூசி அப்படியே கெடக்கு என்றார். இரண்டு அறையும் கூடமும் துடைத்தேன். ஒன்பது மணிக்கு டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். ஐந்து சொட்டு எண்ணெய் கொடுத்தார். எங்களைச் சேர்க்கக் கூடாது என்று சொல்ல மேனேஜர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.